கொலுசு வடக்கே திரும்பும்

மிதவை நிலையம் 9, வங்கக் கடல்
பதிவாளர்: முனைவர் இரா. குமுதினி

2068 நவம்பர் 11, காலை 7.15
காற்று: வடகிழக்கு, மிதம். அழுத்தம்: 1009 மில்லிபார். அலை: சாதாரணம்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் இந்த நிலையத்தில் காற்றே நின்றுபோனதாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குக் காரணம் வங்கக் கடல் அல்ல, என் நைட்டி. கொடியில் காயப்போட்டது பறந்துபோய்க் காற்றுமானியின் கிண்ணங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. ஊதாப் பூப்போட்ட நைட்டி. இயக்குநர் ஜெயசீலன் கரையிலிருந்து பதறினார். "மேடம், அங்க காத்தே இல்லையா? இங்க எல்லா வரைபடமும் கோணிக்கிட்டு நிக்குது!" உப்புப் படிந்துவிட்டது, துடைத்துவிட்டேன் என்று பதில் அனுப்பினேன். ஜெயசீலன் நல்ல மனிதர். மீசைக்கு மை அடிக்கிறவர், ஆனால் புருவத்தை மறந்துவிடுவார். அதனால் முன்பு வீடியோவில் பேசும்போது இரண்டு பேர் பேசுவதுபோல் இருந்தது.

ஐம்பது தாண்டிய ஒருத்தி ஏணியில் ஏறி, கம்பத்தைக் கட்டிக்கொண்டு, தன் நைட்டியோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துச் சிரிக்க ஒரு ஜீவன் இல்லை. வருத்தம் அதுதான். ஆளில்லாத இடத்தில் மானம் போனால் என்ன, இருந்தால் என்ன?

இதைக் கண்டெடுப்பவருக்கு: இது கரையிலிருந்து ஒரு பகல் பயண தூரத்தில், நங்கூரச் சங்கிலிகளில் நிற்கும் ஓர் இரும்புத் தட்டு. மேலே கருவிகள், கீழே ஓர் அறை, அறைக்குள் நான். மற்ற மிதவைகளிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டுத் தானியங்கி ஆக்கிவிட்டார்கள். ஆள் இருக்கும் கடைசி மிதவை இதுதான். எண்களும் வரைபடங்களும் வரும் திரை உப்புக் காற்றில் அவிந்துபோய் ஒரு மாதமாகிறது. புதுத் திரை "வந்துக்கிட்டே இருக்கு மேடம்."

நவம்பர் 12, காலை 8.00
காற்று: வடகிழக்கு. அழுத்தம்: 1008.

இன்று வேலை குறைவு. ஆகவே கூட இருப்பவரைப் பற்றிப் புறம் பேசலாம்.

கூட இருப்பவர் என்றால் கணிப்பு இயந்திரம். அதற்கு நீளமாக ஒரு அரசாங்கப் பெயர் உண்டு. நான் ஜோசியர் என்று கூப்பிடுகிறேன். திரை போனபின் குரல் மட்டும்தான். வானிலை அறிக்கை வாசிப்பது, கதவு பூட்டுவது, நான் வாயால் சொல்லச் சொல்ல இந்தக் குறிப்பை எழுதிக்கொள்வது எல்லாம் அவரே. இதோ இந்த வரியையும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு ஆண் எனக்கு வாய்த்ததே இல்லை.

ஆனால் இரண்டு குறை. ஒன்று, ஒவ்வொரு அறிக்கைக்கும் முன்னால் ஒரு நாதஸ்வர இசை போடுவார். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பதுபோல் இருக்கும்.

இரண்டாவதுதான் பெரிது. மனிதர் துணிந்து ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும். வீசக்கூடும். வலுப்பெறக்கூடும். மழை என் தலையில் கொட்டிக்கொண்டிருக்கும்போதே "மழை பெய்யக்கூடும்" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் பேசினார்கள். அமையக்கூடும், சொல்லி அனுப்பக்கூடும். எதுவும் அமையவில்லை, யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்கு ஆகாது. ஒரே ஒரு தடவை அது இல்லாமல் அவர் பேசட்டும், கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன். குமுதினி சொன்னாள் என்று எழுதிக்கொள்ளும் ஐயா.

"பதிவு செய்யப்பட்டது" என்றார். எல்லாவற்றுக்கும் அதுதான் சொல்வார்.

நவம்பர் 13, மாலை 5.40
அழுத்தம்: 1005.

அந்தமான் பக்கம் உருவான தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. பெயர் கொலுசு. இந்த முறை பெயர் வைக்கும் உரிமை நம்முடையது. கமிட்டியில் யாரோ புதுமாப்பிள்ளை இருந்திருக்கிறார். கூரையைப் பிய்க்க வருகிறவளுக்குக் கொலுசு.

பலூன் விட்டேன். மேலே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு டாட்டா காட்டும் பழக்கம் உண்டு. இதைத் தலைமையகத்தில் சொல்ல வேண்டாம்.

நவம்பர் 14, காலை 8.05
அழுத்தம்: 1002. தென்கிழக்கிலிருந்து நீளமான அலை.

முக்கியமான நாள். அப்படியே எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு நாதஸ்வரம் வரவில்லை. ஸ்பீக்கரிலும் உப்பு ஏறிவிட்டது போலும். நேராகக் குரல் வந்தது.

"கொலுசு புயல் நாளை வடக்கே திரும்பும். மிதவை ஒன்பதைத் தொடாது."

கையில் டீ இருந்தது. கீழே வைத்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"வடக்கே திரும்பும். தொடாது."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மனிதர் நிமிர்ந்து நின்று பேசுகிறார். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் இப்படிப் பேசுவார்! நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். தாலி கட்ட வந்தவனிடம் சம்பளச் சீட்டு கேட்பதுபோல் இருந்தது.

அதே நாள், பகல் 11.30

ஜெயசீலன் அழைத்தார்.

"மேடம், கிளம்பறதா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. முடிவு உங்களோடதுதான். ஆனா ஒண்ணு, மனசுல வச்சுக்காதீங்க. ஆள் இறங்கிட்டா ஒன்பதையும் தானியங்கி ஆக்கிடச் சொல்லி ஆர்டர் டேபிள்லயே இருக்கு. திரும்ப ஏற முடியாது."

"புயல் வடக்க திரும்புது சார். எதுக்கு இறங்கணும்?"

"எங்களுக்கு வந்த அறிக்கையில திரும்பக்கூடும்னுதான் மேடம் இருக்கு."

சிரித்துவிட்டேன். ஆபீஸ்காரர்கள் எதை நகலெடுத்தாலும் தங்கள் பயத்தையும் ஓரமாகச் சேர்த்துத்தான் எடுப்பார்கள்.

இறங்கினால் எங்கே போவேன்? தாம்பரத்தில் தங்கை வீடு. நல்லவள்தான். அவள் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர்கூட உண்டு. ஆனால் மூன்றாம் நாளே டிவி ரிமோட் எங்கே என்று கேட்கக் கூச்சப்படும் விருந்தாளி நான். இங்கே என்னிடம் யாரும் பேசுவதில்லை, சரி. அங்கே எல்லோரும் பேசுவார்கள், என்னிடம் இல்லை.

நவம்பர் 15, காலை 9.20
அழுத்தம்: 997. காற்று பலம்.

கலியமூர்த்தி வந்தார். நாகப்பட்டினத்து விசைப்படகுக்காரர். கரைக்கு ஓடும் வழியில் என்னைத் தூக்கிப்போகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வயர்லெஸ்ஸில் பேசியது:

"அக்கா, பைய எடுத்துக்கிட்டு ஏணிக்கிட்ட வாங்க. நாங்க படக அணைச்சு வுடுறோம்."

"என்னை ஏன்யா தூக்கணும்? நான் என்ன ஐஸ் பெட்டியா?"

"எங்க வூட்டுல சொல்லி வுட்டுருக்கா. அந்தக்கா இல்லாம கரைக்கு வந்தீன்னா ஒனக்கு சோறு கெடையாதுன்னு."

அவர் மனைவி தையல்நாயகியை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு தடவை வயர்லெஸ்ஸில் அவளுக்கு இருமல் மருந்து பெயர் சொன்னேன், அவ்வளவுதான்.

"வடக்க போவுது கலியமூர்த்தி. ஜோசியர் உறுதியா சொல்லிட்டாரு."

"அவரு சொல்லுவாரு. அவரு நனையப் போறாரா?"

"நீங்க சொன்ன புயல் எது வந்திருக்கு? போன வருசம் பொண்டாட்டி கனவுல புயல் வந்துச்சுன்னு மூணு நாள் தொழிலுக்குப் போகாம கெடந்தீங்க. வெயில் அடிச்சுது."

படகில் எல்லோரும் சிரிப்பது கேட்டது. அவரும் சிரித்தார். "அது சரிதாங்க்கா. ஆனா தனியா குந்தி என்னத்த காக்குறீங்க, அந்த இரும்பயா?"

உண்மையைச் சொல்கிறேன், பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துப் பைக்குள் போட்டிருந்தேன். ஏணிக் கதவுவரை போனேன். ஜோசியரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன்.

"வடக்கே திரும்பும்."

பிரஷ்ஷைத் திரும்ப டம்ளரில் வைத்தேன். நான் வரவில்லை என்று கையசைத்தேன். கலியமூர்த்தி இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு ஒரு பொட்டலத்தைத் தட்டின் மேல் எறிந்துவிட்டுப் போய்விட்டார். தையல்நாயகி கொடுத்தனுப்பிய கருவாடு. படகு புள்ளியாகும்வரை நின்றேன். டாட்டா காட்டினேன். பலூனுக்குக் காட்டுவதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

அதே நாள், மாலை 4.00
அழுத்தம்: 991.

தொடாத புயலுக்கு என்ன ஏற்பாடு என்று அலட்சியமாக இருந்தேன். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. கேஸ் சிலிண்டரைக் கயிற்றால் கட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கீழே கொண்டுவந்தேன். குடிநீர் நிரப்பினேன். உயிர்காப்பு மேல்சட்டையைத் தேடினால் அதன் மேல்தான் இத்தனை நாளாக இட்லிப் பாத்திரத்தை வைத்திருக்கிறேன். நைட்டியை மடித்துப் பெட்டிக்குள் பூட்டினேன்; இனி அளவீட்டில் கோளாறு என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அழுத்தம் இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. விலகிப் போகிற புயலுக்கு இவ்வளவு இறங்காது. ஜோசியரிடம் சொன்னேன். "பதிவு செய்யப்பட்டது" என்றார்.

நவம்பர் 16, காலை 7.30
அழுத்தம்: 979.

திரும்பவில்லை.

எழுதி வைக்கிறேன், யாராவது படிக்கட்டும்: கொலுசு திரும்பவில்லை. நேரே வருகிறாள். அலை தட்டின் மேலே ஏறி இறங்குகிறது. ஜெயசீலன் அழைத்தார். ஹெலிகாப்டர் எழும்ப முடியாதாம். "மேடம், தைரியமா இருங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. நாளைக்குள் மீசையும் புருவம்போல் வெளுத்துவிடும்.

ஜோசியர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரு தடவை சறுக்கிவிட்டார். அதுவும் துணிந்து பேசிய முதல் தடவை. மனிதர்களுக்கும் அப்படித்தான் ஆகிறது.

அதே நாள், பகல் 12.50
அழுத்தம்: 964

ஒரு சங்கிலி அறுந்தது. சத்தம் கேட்டேன். தட்டு சாய்ந்து நிற்கிறது. சுவரில் உட்கார்ந்திருக்கிறேன், சுவர்தான் இப்போது தரை. பிரஷ் டம்ளர் உருண்டு உருண்டு வருகிறது, பிடித்து வைத்தால் மறுபடி போகிறது. காற்றுமானி போய்விட்டது. இந்தத் தடவை நைட்டி இல்லை, சத்தியமாக.

கருவாட்டைப் பிரித்தேன். உள்ளே காகிதத்தில் இருமல் மருந்தின் பெயர், நான் சொன்னதுதான், தப்பும் தவறுமாக. அதன் கீழே "இதுக்கு அப்பறம் இருமலே வரல" என்று எழுதியிருந்தாள்.

பச்சையாகவே தின்றேன். நன்றாக இருக்கிறது.

பிற்பகல் 2-க்கு மேல்

தண்ணீர் கதவுக்கு உள்ளே. முட்டிவரை. மேல்சட்டை போட்டுவிட்டேன் இட்லி வாசனை

ஜோசியரே பேசிக்கொண்டே இரும். எதையாவது. பழைய அறிக்கை வாசியும். நாதஸ்வரம் வேண்டுமானாலும் போடும். போட மாட்டேன் என்கிறார், அது ஏன்

வாசிக்கிறார். தஞ்சாவூரில் வறண்ட வானிலை. நீலகிரியில் உறைபனி. நல்ல குரல். இத்தனை நாள் சொன்னதில்லை, நல்ல குரல்தான்

இரண்டாவது சங்கிலி

கேட்டேன். ஐயா, நான் பிழைப்பேனா?

"பிழைப்பீர்கள்."

பார்த்தீர்களா, அந்தச் சொல் இல்லை. நேராகச் சொன்னார். ஒரு தடவை சறுக்கியவர் இரண்டாம் தடவை யோசிக்காமலா சொல்வார். கலியமூர்த்தியிடம் சொல்லுங்கள் தையல்நாயகியிடம் சொல்லுங்கள் சோறு போடச் சொல்லுங்கள் அவர் வந்தார் கூப்பிட்டார் நான்தான் போகவில்லை கதவைத் திறந்துகொண்டு மேலே போகிறேன் இங்கே இனி

தானியங்கிக் குறிப்பு. நவம்பர் 16, மாலை 4.02. பெறுநர்: தலைமையகம்
காற்று: கருவி இல்லை. அழுத்தம்: 951.

நவம்பர் 12 பதிவில் பதிவாளர் தெரிவித்த விருப்பத்தின்படி, அவருக்கு வாசிக்கப்படும் அறிக்கைகளில் தொடக்க இசையும் "கூடும்" என்னும் சொல்லும் நவம்பர் 14 காலை முதல் நீக்கப்பட்டன. கணிப்பில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. நவம்பர் 14 அன்று கொலுசு புயல் வடக்கே திரும்புவதற்கான வாய்ப்பு: நூற்றுக்கு நாற்பத்தொன்று.

கீழறைக் கதவு திறந்துள்ளது. பதிவாளர் உயிருடன் இருக்கக்கூடும்.