சுவரில் நான் இறக்கிய கோடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருந்தால் போதும். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போது கடையில் நான் விடுகிற தப்பெல்லாம் அவள் கண்ணில் படுகிறது. அவள் கண்ணில் படாத ஒரு தப்பைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இனி மழை ஒரே நாளில் கொட்டும், ஆறு எவ்வளவு ஏறும் என்று நகராட்சி கணக்குப் போட்டு, வெள்ளம் நிற்கும் உயரத்தைக் காட்டச் சுவருக்குச் சுவர் நீலக் கோடு அடித்தது உனக்குத் தெரியும். பெயிண்ட் நம் கடையில்தான் எடுத்தார்கள். பொறியாளர் அம்மா கருவி வைத்து அளந்து, நம் தெருவில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போனார். குறி என் மார்பு உயரத்தில் இருந்தது. மார்பளவு தண்ணீர் வரும் என்று சுவரிலேயே எழுதி வைத்தால் இந்தத் தெருவுக்கு எவன் வாடகைக்கு வருவான் என்றுதான் யோசித்தேன். விடிவதற்குள் ஈரத்துணியோடு போய் அழித்து, முழங்கால் உயரத்தில் புதுக்குறி போட்டேன். நம் கடையில் மட்டும் இறக்கினால் மாட்டிக்கொள்வேன் என்று தெருவில் குறி இருந்த பதினோரு சுவரிலும் போட்டேன். பெயிண்டர்கள் வந்து அதன்மேல் நீலம் அடித்துவிட்டார்கள். அந்தப் பொறியாளர் அதே வாரம் மாற்றலாகிப் போனார், கேட்க ஆளில்லை. பக்கத்துக்கடை டெய்லர், வெள்ளம் வந்தா பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டுத் தைப்பேண்ணே என்று சிரித்தார். தெருக்கோடியில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒரு தரைத்தளத்தை வாடகைக்குப் பிடித்தது. இங்கேயே குடிவந்துவிடலாமா என்று நீயும் கேட்டாய், முழங்கால் தண்ணீர்தான், கீழ் அறையைத் தயார் செய்கிறேன், வா என்று உனக்கும் அதையே சொன்னேன்.

ஏழு மாதமாக இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. பத்து நாள் முன்பு டெய்லர் வந்து, அண்ணே சுவர் வேர்க்குது, வந்து பாரு என்று கூப்பிட்டார். பதினோரு சுவரிலும், நான் துடைத்து எடுத்த அதே உயரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ஈரம். மேலேயும் காய்ந்திருக்கிறது, கீழேயும் காய்ந்திருக்கிறது. பிளம்பர் பூச்சை உடைத்துப் பார்த்தார், உள்ளே குழாயும் இல்லை, செங்கல்லில் ஈரமும் இல்லை. ஈரம் வராது என்று நான் வாடிக்கையாளருக்கு உத்தரவாதம் கொடுத்து விற்கிற பெயிண்டையே இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் காலையில் அதன்மேலேயே வந்து நின்றது. தொட்டால் விரலில் ஆற்றுச் சேற்று வாடை. கடைப் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேல் தட்டுக்குப் போய்விட்டது, இறங்க மாட்டேன் என்கிறது. காப்பகத்துப் பிள்ளைகள் அந்தச் சுவர் ஓரம் நடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கின்றன, சுவரைத் தாண்டித்தான் விடுகின்றன. நாங்க யாரும் சொல்லித்தரலைங்க என்கிறார் ஆயா.

நேற்று அந்த ஈரம் நம் வீட்டுக் கீழ் அறைக்குள் வந்துவிட்டது. போனமுறை வந்தபோது நீ உன் பெண்ணை நிறுத்தி உயரம் குறித்த பென்சில் கோடு அங்கே இருக்கிறதே, அதற்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. நான் நேரே டெய்லரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு, எங்க பிள்ளைங்களும் அந்தக் காப்பகத்துலதானேண்ணே இருக்குது என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளை பத்து மணிக்குத் தெரு பார்க்க நானே அந்த நீலக் கோட்டை அழித்து மேலே அடிக்கப்போகிறேன். எழுத்துமூலம் அனுமதி வரட்டும் என்கிறது நகராட்சி, நான் காத்திருக்கப் போவதில்லை. காப்பகத்துக்கு நம் மாடியைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன், அம்மாவும் சரி என்றுவிட்டாள். ஆகவே அங்கே வீட்டைக் காலி செய்வதாக எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே, இதுதான் முக்கியம். மாப்பிள்ளையிடம் நான் பொய் சொன்னதாகவே சொல், மூடி மறைக்காதே. நீங்கள் மூவரும் மேடான இடத்தில் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் இருக்கிறது.

கடிதத்தை ஒட்டும் முன் மறுபடி போய்ப் பார்த்தேன். சுவரில் என் மார்பு உயரத்தில் நின்ற ஈரம் இப்போது என் தோள் உயரத்துக்கு வந்திருக்கிறது. நகராட்சியின் அளவு எனக்கு வேண்டாம், அது நிற்கிற இடத்தில்தான் கோடு போடுவேன். ஏணி எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
அப்பா