நல்லரெத்தினத்தின் நம்பரிலிருந்து வந்த அழைப்பு

அன்பு மகன் நளீர் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் நாட்டில் உன் உடம்பையும் ஈமானையும் அல்லாஹ் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று கேட்டபடியேதான் உம்மா பேனையைக் கையில் எடுத்திருக்கிறேன். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி றினோஸாவும் மருமகன் ஜெமீலும் நல்ல சுகம், எனக்கு முழங்கால் நோவு மட்டும் மழைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகும். றினோஸாவுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது, மாங்காயும் உப்பும்தான் அவளுக்குச் சாப்பாடு, இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் ஏசினார்களாம். பின்வளவில் நாங்கள் இருக்கிற அறைக்கு வாப்பா புதுத் தகரம் போட்டார், மழை விழுந்தால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. கையில் போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நான் வாப்பாவின் பேச்சை எடுத்தால் நீ சாப்பிட்டீங்களா உம்மா என்று கேட்டு வேறு பக்கம் போய்விடுகிறாய். அங்கே வேலை செய்கிற நம்முடைய ஊர் ஸஹீத் லீவு முடிந்து வியாழக்கிழமை கொரியாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் மாசிச் சம்பலும் நெத்தலிக் கருவாடும் கட்டிக் கொடுக்கிறேன், அதோடு இதையும் தருவான். கடிதத்தை இடையில் நிறுத்தி வேறு கதை கேட்க முடியாது, முழுக்கப் படி மகன்.

வாப்பா குடியை விட்டுவிட்டார் என்று றினோஸா சொன்னபோது, எத்தினை நாளைக்கு என்று நீ கேட்டாயாம். உன்னைக் குறை சொல்ல முடியாது, நானும் மனதுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். விட்ட விதத்தை உனக்கு ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. நீ போன அடுத்த வருஷம் வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வாப்பா சவளக்கடைக்கு நெல் ஏற்றப் போய், குடிவெறியில் லொறியை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டு, சேற்றில் கிடந்திருக்கிறார். போன சனமெல்லாம் நின்று பார்த்துவிட்டு, சோனகனும் குடிக்கிறான் பார் என்று சிரித்துவிட்டுப் போனார்களாம். அங்கே வயல் செய்கிற நல்லரெத்தினம் அண்ணன்தான் இறங்கித் தூக்கி, தன் வயல் வாடிக் குடிசையில் கிடத்தி, சேற்றைக் கழுவி, தெளிந்த பிறகு தேத்தண்ணி கொடுத்தவர். ஏசவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. நானும் இதே வாய்க்காலுக்க கிடந்தவன்தான் காக்கா, என்ட கதையச் சொல்றன், கேட்டுட்டுப் போங்க என்று சொல்லி, தான் குடித்த காலத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னாராம். வாப்பா அன்று வீட்டுக்கு வந்து, என்ட கதைய வேற ஒரு மனிசன்ட வாயால கேட்டன் ஸகியா என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

பாண்டிருப்பில் ஒரு வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடுவார்கள். நல்லரெத்தினம் அண்ணன்தான் வாப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனார். நம்முடைய ஊரில் அப்படி ஒரு கூட்டம் இல்லை, நம்மிடம் அந்த வருத்தமே இல்லை என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், பிறகு எந்த வாசலில் போய் மருந்து கேட்பது. முதல் சில கிழமை நானும் கூடப் போனேன், வழியில் எங்காவது இறங்கிவிடுவார் என்ற பயம். பெண்கள் வெளியில் மரத்தடியில் இருப்போம், ஜன்னலால் உள்ளே கதைப்பது கேட்கும். வாப்பா எழும்பி, என்ட பேர் முகைதீன்பாவா, நான் ஒரு குடிகாரன் என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் இருபது வருஷம் வெளியில் போகாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன் மகன், அவர் அதை அந்நியர்களுக்கு முன்னால் தன் வாயால் எடுத்துப் போட்டபோது நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு றினோஸாவின் கலியாணத்தைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது வெறியில் வந்து அந்தச் சஹனுக்கு மேலேயே விழுந்ததை, நீ வந்து தூக்கிக்கொண்டுபோய்ப் பின்அறையில் போட்டுப் பூட்டியதை, நீ பூட்டும்போது அழுததை. அது அவருக்குத் தெரியாது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கதவுக்கு அங்கால மகன் அழுதது கேட்டது, ஆனா எனக்கு அடுத்த போத்தல் எங்க எண்டுதான் யோசனை என்று சொன்னார். உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவர் மட்டும் எனக்கும் அப்பிடித்தான் என்றார். வெளியில் நல்லரெத்தினம் அண்ணனின் மனைவி செல்லத்தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும் அதன்பின் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. பொழுது பட்டால் ஓட்டோ நிற்கிற சத்தத்துக்கு அவளும் எழும்பி வாசலை எட்டிப் பார்ப்பாளாம், புருஷன் குடியை விட்டு மூன்று வருஷமாகியும் அது போகவில்லை என்றாள். எனக்கும் இன்னும் போகவில்லை மகன். வாப்பா நல்ல மனிதனாகத் தொழுதுவிட்டுப் பள்ளியால் நடந்து வருவார், நான் கண்ணாடிக் குவளைகளை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துக்கொண்டிருப்பேன், வைத்த பிறகுதான் எனக்கே தெரியும்.

இரண்டு பேரும் பொழுது படுகிற நேரம் ஒருவரை ஒருவர் போனில் கூப்பிடுவார்கள், அந்த நேரம்தான் நாக்கு இழுக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மழையையும் யானையையும் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு வைப்பார்கள். போன சிறுபோக வெட்டு முடிந்த சமயம் ஒருநாள், வாப்பா மஃரிப் தொழுகையில் நிற்கும்போது சட்டைப்பைக்குள் போன் துடித்திருக்கிறது. சத்தத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தார், நெஞ்சில் பட்டுத் துடித்ததாம், ஓய்ந்து திரும்பவும் துடித்ததாம். தொழுது முடித்து வெளியில் வந்து பார்த்தால் நல்லரெத்தினம் அண்ணனின் நம்பர், திரும்ப எடுத்தால் அந்தப் பக்கம் ஒருவரும் எடுக்கவில்லை. லொறியை எடுத்துக்கொண்டு போய்த் தேடினார், வீட்டிலும் இல்லை, வாடியிலும் இல்லை. விடிந்த பிறகு வாய்க்காலில்தான் உயிரில்லாமல் கிடைத்தார். அன்று யாரோ வெட்டு முடிந்த சந்தோஷத்துக்குக் கசிப்பு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கையில் வாங்கிக்கொண்டுதான் வாப்பாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும், வேறு என்னத்துக்குக் கூப்பிட்டிருப்பார். மூன்று வருஷத்துக்கு மேலாகத் தொடாத மனிதன். செத்த வீட்டில் வாப்பா ஒரு மூலையில் இருந்தார், சுடலைக்கும் போனார், ஊரில் சிலர் அதைக் கதைத்தார்கள், அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. அதன்பின் தொழுகைக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார், ஆனால் தக்பீர் கட்டியதும் வெறும் பைக்குள் துடிக்கிறதாம். பள்ளி ஹஸ்ரத்திடம் சொன்னாராம், நீங்க தொழுகையில நிண்டது குற்றம் இல்லை, அல்லாஹ்வின் நாட்டம் என்று அவர் சொன்னாராம். அது எனக்கும் தெரியும் ஸகியா, ஆனா பைக்குத் தெரியுதில்லையே என்று என்னிடம் சொன்னார். இனி வாப்பா குடிப்பார் என்று நான் முடிவே எடுத்துவிட்டேன். கூட்டத்துக்கும் போகவில்லை, கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு வெளியைப் பார்த்தபடி இருப்பார், யாரோ வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி சில நேரம் காலை ஒதுக்கி இடம் விடுவார்.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, மஃரிப் முடிந்து வாப்பா வந்து இருந்த நேரம் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே மேசையில் வைத்துவிட்டார், முகத்தில் இரத்தம் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன், நல்லரெத்தினம் அண்ணன் என்று பெயர் விழுந்திருந்தது. மகன், நான் ஓதத் தொடங்கிவிட்டேன். அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. வாப்பா காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் நான்தான் எடுத்தேன், செல்லத்தங்கம் அழுகிறாள், புருஷனின் போன்தான் அவள் கையில் இருக்கிறது, அதில் கிடந்த நம்பருக்கு எடுத்திருக்கிறாள். அக்கா, சுஜிந்தன் தகப்பனுக்குப் பிறகு குடிக்கத் தொடங்கிட்டான், இண்டைக்கு வாய்க்கால் கட்டில போய் இருக்கிறான், கூப்பிட்டா வாறானில்லை, எனக்கு வேற ஆரத் தெரியும் என்றாள். சுஜிந்தன் அவளுடைய மூத்தவன், உன்னுடைய வயதுதான், கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருக்கிறது. அவள் சொன்னதை வாப்பாவிடம் சொன்னேன். அந்த வாய்க்கால் பாதையால் அண்ணனின் மரணத்துக்குப் பிறகு அவர் போனதே இல்லை, நெல் ஏற்றக்கூட வேறு பாதையால் சுற்றித்தான் போவார். பிறகு லொறித் திறப்பை எடுத்து, நீயும் வா ஸகியா, தனிய என்னால ஏலாது என்றார்.

சுஜிந்தன் போத்தலைக் காலடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கட்டின் மேல் இருந்தான். வாப்பா போய்ப் பக்கத்தில் இருந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, அப்பா கூப்பிட்டப்ப நீங்க எடுக்கல்லத்தானே என்பது. நான் லொறிக்குள் இருந்து கேட்டேன், அதைக் கேட்க அங்கே போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். வாப்பா, ஓம் மகன், எடுக்கல்ல, அது இன்னும் என்ட நெஞ்சில துடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கி என்றார். பிறகு, உன்ட அப்பா என்னத் தூக்கினதும் இந்த இடத்திலதான், இப்ப உன்ட காலடியில கிடக்கிறதுட மணம் எனக்கு வருது, எனக்கும் குடிக்கணும் போலத்தான் இரிக்கி, நான் உனக்குப் புத்தி சொல்ல வரல்ல, இதப் பக்கத்தில வெச்சிக்கிட்டு என்னால தனிய இருக்க ஏலாது, எனக்காக அத ஊத்திடு என்றார். ஊற்றினானா என்றால் உடனே ஊற்றவில்லை, ஒரு வாய் குடித்தான், குடித்துவிட்டு அழுதான், அழுதுவிட்டுத்தான் தண்ணீரில் சரித்தான். வாப்பா அவனைத் தொடவில்லை, அந்தப் போத்தலையும் பார்க்கவில்லை, வாய்க்கால் ஓடுகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை லொறியில் ஒன்றாகப் போகிறார்கள். நடுவில் சுஜிந்தன் இரண்டு தரம் குடித்து விழுந்தான், வாப்பா ஏசாமல் திரும்பவும் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். வாப்பாவுக்குப் பைக்குள் துடிப்பது நிற்கவில்லை. நல்லரெத்தினம் அண்ணன் கூப்பிடுறார் எண்டு நினைச்சிக்கிறன், தொழுது முடிச்சதும் சுஜிந்தனுக்கு எடுத்துக் கதைச்சிடுறன் என்கிறார்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். மகன், போன இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்தபோது உன் நாக்கு தடித்திருந்தது. சிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் சிரித்தாய், கேட்டதையே திரும்பக் கேட்டாய், என்ன மகன் என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்றாய். அந்தக் காய்ச்சலோடு நான் இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். போனை வைத்த பிறகு திரும்பிப் பார்த்தால் வாப்பா கதவடியில் நிற்கிறார், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது. அன்று நாங்கள் இரண்டு பேரும் சோறு உண்ணவில்லை. அடுத்த நாள்தான் சொன்னார், நீ எழுது, நான் எழுதினா வாசிக்கமாட்டான் என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: நான் அவனுக்கு வாப்பாவா இருந்தது காணாது, அதால வாப்பா எண்டு அவன் என்னோட கதைக்கத் தேவையில்ல, ஸலாமும் சொல்லத் தேவையில்ல, குடிக்கிற ஒருத்தன் குடிச்ச ஒருத்தனுக்கு எடுக்கிற மாதிரி எடுக்கட்டும், ஒண்டும் கதைக்காம மூச்ச மட்டும் விட்டுக்கிட்டு இருந்தாலும் நான் போன வைக்கமாட்டன். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்னது பிழையாக இருந்தால், நீ ஒரு சொட்டும் தொடவில்லை என்றால், உம்மாவுக்கு எடுத்து நல்லாக ஏசு மகன், என்ன நினைத்து இப்படி எழுதினீங்க என்று கேள், அந்த ஏச்சை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது.

றினோஸாவுக்கு லேசாகப் பிள்ளை கிடைக்க துஆச் செய். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, சம்பலைப் பிரித்தால் ஸஹீதுக்கும் கொடு, அவனோடு ஒரே அறையில் இருக்க முடியுமா என்று கேட்டுப் பார், தனிய இருக்காதே. உன்னை என் வயிற்றில் தந்த அல்லாஹ் உன் கையையும் வாயையும் கல்பையும் பாதுகாக்கட்டும், எங்கள் இருவரின் ஹயாத்துக்குள் உன் முகத்தைக் காட்டட்டும், ஆமீன். வாப்பாவின் நம்பர் மாறவில்லை.

உன்னை எண்ணி இருக்கும் உம்மா,
ஸகியா
கல்முனை