முடிச்சு இல்லாத படகு

அம்மா, உன் பொண்ணு தன்னந்தனியா படகு ஓட்டிட்டா!

போன்ல சொன்னா பாதியிலயே கத்துவ, அதான் எழுதுறேன். முட்டி வலி எப்படி இருக்கு? மாத்திரைய ஒழுங்காப் போடுறியா?

மாற்றுத்திறனாளிகளுக்குன்னே இங்க ஏரியில ஒரு படகு கிளப் இருக்கு. வீடியோவா பார்த்துத் தள்ளி, ரூம்ல கட்டில்ல உக்காந்து துடைப்பத்தால துடுப்பு போடப் பழகிட்டுத்தான் போனேன். வீல்சேர்லேருந்து படகுல உக்கார வச்சாங்க. பஸ்ல நீ என்னை சீட்டோட சேர்த்துக் கட்டுவியே, அதே மாதிரி துப்பட்டாவால கட்டிக்கிட்டேன்.

பயிற்சி குடுக்குற அக்கா பார்த்துட்டு, "ஏய், படகையே கல்யாணம் பண்ணிக்கிட்டியா? மூணு முடிச்சு போட்டிருக்க! முதல்ல அவுரு. இந்த ஒட்டுப் பட்டை போதும், இழுத்தா வந்துடும். படகு கவுந்தா நீ வெளிய வரணும்டி"ன்னாங்க. இங்க முதல் பாடமே கவுறதுதானாம்.

கவுத்தாங்க. பயப்படாத, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், அக்காவும் பக்கத்துலயே இருந்தாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சேன், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தா மல்லாந்து மிதக்குறேன். தரையில என் பேச்சக் கேக்காத காலு ரெண்டும் எனக்கு முன்னாடி மிதக்குதும்மா! அப்புறம் அக்கா திரும்ப ஏத்தி விட்டாங்க, நானே தனியா ஏரிய ஒரு சுத்து சுத்திட்டேன்.

நீ தலை துவட்டி விடுற பழைய துண்ட அனுப்பு. நானே துவட்டினா பின்னந்தலை ஈரமாவே இருக்கு.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்குது. வீடியோ அனுப்புறேன், குடும்ப குரூப்புல நீதான் போடணும். 'இவளத் தண்ணிப் பக்கமே விடாத'ன்ன சித்தப்பாவுக்குத் தனியாவும் அனுப்பு. ரெண்டு பேர் உக்கார்ற படகும் இருக்கு, முன் சீட்டு உனக்கு. வருவியான்னு உடனே பதில் போடு. முடிச்சு மட்டும் போடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!