ஒன்றரை மணி நேரம்

அக்கா,

உன் குளிர் ஜாக்கெட்டை இன்று வெயிலில் போட்டேன். பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. உள் பையில் நாலாய் மடித்த தாள் ஒன்று. மிலானிலிருந்து பாரிசுக்கு விமான டிக்கெட். பயண நேரம் ஒன்றரை மணி.

அந்தக் கணக்கை உனக்குச் சொன்னவளே நான்தான். தம்பி பாரிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மகள் போனில் தேடிச் சொன்னதை அப்படியே மிலானில் வேலைக்கிருந்த உன்னிடம் ஒப்பித்தேன்.

"அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் அக்கா. பிளேன்ல ஒன்றரை மணி நேரம். மாத்தளையில இருந்து வில்கமுவைக்குப் போகவே அதவிட நேரமாகுது. ஒரு எட்டுப் போய் பாத்துட்டு வா."

"பாக்குறேன்டி" என்றாய். நீ போகவில்லை. சொந்தத்தில் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் தம்பி போய்ச் சேர்ந்தான்.

எனக்குப் பொல்லாத ஆத்திரம். நம் தோட்டத்து ஆட்களுக்குள் சாவுச் செய்தியைச் சொந்தக்காரர் வாயால்தான் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் உறவை அறுத்துவிட்டோம் என்று அர்த்தம். நம் ஊர் உக்குவளையில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். வெளியூர்க்காரர்களுக்கு போனில் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

மூன்றே மாதத்தில் மார்வலி என்று படுத்த நீயும் எழும்பவில்லை. எனக்கு விசா கிடைக்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போவதுபோல உன்னை விரட்டியவள், உன்னை அடக்கம் செய்ததை மகளின் போனில் பார்த்தேன்.

போன மாதம் உன் பையைக் கொண்டு வந்தவர், உன்னோடு ஒரே அறையில் இருந்த வஹகோட்டை ஊர்க்கார அக்கா. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"அவங்க விசா முடிஞ்சி ரெண்டு வருசம். யார்கிட்டயும் சொல்லல. தம்பியப் பாக்க டிக்கெட் போட்டு ஏர்போர்ட் வரைக்கும் போனாங்க. வாசல்ல பொலிஸக் கண்டுட்டுத் திரும்பி வந்துட்டாங்க. புடிச்சி அனுப்பிட்டா ஊர்ல அம்மாவுக்கு மருந்துக்கு யாருன்னு அழுதாங்க. தம்பி செத்தத பேஸ்புக்லதான் பாத்தாங்க. அப்புறம் ஒரு வாரமா, தங்கச்சி கூப்புடுவா, தங்கச்சி கூப்புடுவான்னு போன கையவிட்டு எறக்கல."

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. நானும் கேட்டிருக்கலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை தம்பிக்கு வருஷத் திதி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் இன்று போனில் சொன்னேன். கடைசியில் உன் நம்பருக்கும் அடித்தேன். இத்தாலிக்காரி ஒருத்தி பதிவுக் குரலில் ஏதோ சொன்னாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

"அக்கா, நம்ம தம்பி எறந்துட்டான்."