அரப்புத் தண்ணீரில் போன பச்சை

மதினி,

போன வாரம் அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். விழாக் கமிட்டித் தலைவர் இப்போது அவர்தான். முன்னெல்லாம் கேபிள் டிவிக்கு வசூல் கேட்டு வந்து வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாரே, அவரேதான். இப்போது வேட்டி வெள்ளையாகிவிட்டது, குரலும் தடித்துவிட்டது. "மண்டபத்துச் சாவியக் குடு தாயி" என்று கேட்டுக்கொண்டே பையை நடையில் வைத்தார். உள்ளே என்ன என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாசனை முந்திக்கொண்டு வந்துவிட்டது. தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடி.

"எதுக்கு அண்ணாச்சி இது?" என்றேன்.

"ஆடித் தவசு வருதுல்லா. வார ஆளுவ எல்லாம் மண்டபத்துப் படத்துல மாடு கரி புடிச்சிக் கெடக்குன்னு வீடியோவுல நம்மள ஏசுதானுவ. நம்ம பொம்பளையாளுவள வச்சி ஒரு தேய் தேச்சிருவோம். பளிச்சுன்னு ஆயிரும்."

அவருக்குப் பின்னால் தெருவில் வாளியும் துணியுமாகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் விளக்குக் கடைப் பேச்சி. நான் சாவி மாட்டியிருக்கும் ஆணியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், உங்கள் படத்தைப் பார்த்தேன். நீங்கள் எப்போதும்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இக்கட்டான நேரத்தில் என்னைத் தனியாக மாட்டிவிடுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

நீங்கள் அண்ணனைக் கட்டி நம் வீட்டுக்கு வந்த முதல் ஆடி நினைவிருக்கிறதா? நான் அப்போது தாவணிக்காரி. உங்களை ஓடைக்கரை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோவில்பட்டிக்காரிக்கு நம் ஊரில் காட்டிப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? சாவி தலைமுறையாக நம் வீட்டில் இருக்கிறது என்ற மிதப்பு வேறு எனக்கு. கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் தெரியவில்லை. "இந்த வௌவா வாடைக்காகவா என்ன இம்புட்டுத் தூரம் நடக்க வச்ச?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள்.

நான் புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசல் படியில் நின்று, காலை வெயிலை அதில் வாங்கி விதானத்தின் மேல் அடித்தேன். அவ்வளவுதான், உங்கள் வாய் மூடிவிட்டது. வெயில் போகிற இடமெல்லாம் படம் வந்தது. ஒற்றைக்காலில் தபசு நிற்கிற அம்பாள், அவள் உடுத்தியிருந்த கிளிப்பச்சைச் சேலை, சுற்றிலும் அவளுக்குத் துணையாகப் பசுக்களாகிவிட்ட தேவமாதர்கள். எல்லாப் பசுவும் அம்பாளைப் பார்க்க, ஓரத்தில் ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பி வாசலில் நிற்பவர்களைப் பார்க்கும்.

"ஏட்டி, அந்த மாடு என்னியத்தான் பாக்கு."

"மூஞ்சியில வைக்கோல் ஒட்டியிருக்கும், தொடச்சிக்கோங்க மதினி."

என் முதுகில் ஓர் அடி வைத்தீர்கள். அன்றிலிருந்து அது உங்கள் மாடாகிவிட்டது.

அந்த மண்டபத்துக்குள் விளக்கு ஏற்றக் கூடாது, சூடம் காட்டக் கூடாது. அம்பாள் தவத்தில் இருக்கிறாள், தீயைக் காட்டினால் கண் விழித்துவிடுவாள் என்பார்கள். வெயில் காட்டுவதுதான் அங்கே பூசை. ஏன் என்று நாம் யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

கூரைதான் மோசமாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு மூலை ஒழுகும். அண்ணன் மனுப் போட்டுப் பார்த்தான். ஊர்ப் பொது மண்டபத்துக்கு யார் பொறுப்பு என்பதே யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போய், நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட பிறகு, மழை பெய்தால் நாம் இரண்டு பேரும் சாக்கையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு ஓடுவோமே, அதுதான் அந்த மண்டபத்துக்கு நடந்த ஒரே பராமரிப்பு. அப்படி நனைந்து திரும்பிய ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னீர்கள். "பாக்க ஆளில்லாத பொருளுக்கு எவன்ட்டி கூரை போடுவான்? நாலு பேரு வந்து பாக்கட்டும். அப்பந்தான் விடிவு."

சொன்னதோடு விட்டீர்களா? அந்த வருஷத்து ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலுக்குப் போன இடத்தில், ரதவீதியில் பக்கத்தில் நின்றவர்களிடம், புற்றுமண் வாங்குகிற வரிசையில், பஸ் ஸ்டாண்டில், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஆரம்பித்துவிட்டீர்கள். "பனவடலிசத்திரம் பஸ்ஸுல ஏறி எங்க ஊர் வெலக்குல எறங்குங்க. அம்பாள் தவசு நிக்கத அங்கன பாத்தியன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டிய." எனக்கு மானம் போயிற்று. "மதினி, நீங்க என்ன மினி பஸ் கண்டக்டரா?" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் வந்தார்கள். முதலில் ஒரு குடும்பம், பிறகு ஒரு வேன். நீங்கள் தாம்பாளத்தைத் திருப்பத் திருப்ப விதானத்தில் படம் எழுந்து வருவதை ஒரு பெண் போனில் எடுத்துப் போட்டாள். அதற்கப்புறம் மெயின் ரோட்டு விலக்கிலிருந்து மண்டபம் வரை கார்கள்தான். நீங்கள் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தீர்கள். அசலூர்க்காரர்கள் தலையை அண்ணாந்து "அம்மாடி!" என்னும்போது, நீங்களே வரைந்ததுபோல் உங்கள் முகத்தில் ஒரு வெட்கம் வரும். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வெயில் காலையில்தான் அந்த வாசலுக்கு வரும். ஆட்களோ எல்லா நேரமும் வந்தார்கள். இருட்டில் போன் லைட்டை அடித்துப் பார்த்தார்கள். யாரோ ஓர் அம்மா மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று உள்ளே ஒரு விளக்கு ஏற்றினாள். அவள் அதிர்ஷ்டம், வரன் அமைந்துவிட்டது. அது ஒரு வீடியோவாகி, எலுமிச்சை மூடியில் எண்ணெய் ஊற்றி வரிசையாக விளக்குப் போட ஆரம்பித்தார்கள். கீழத்தெருப் பேச்சி மானாவாரியில் மழையை நம்பி ஏமாந்துபோயிருந்தவள், வாசலில் எலுமிச்சை விளக்குக் கடை போட்டாள். "மதினி, ஒங்க புண்ணியத்துல எங்க வீட்டுல அடுப்பு எரியுது" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் தடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். படியில் குறுக்கே நின்று, "உள்ள தீ காட்டாதிய, வெளிய ஏத்துங்க" என்று தொண்டை வற்றக் கத்தினீர்கள். "எவ்வளவு தூரத்துலருந்து வர்றோம், ஒரு விளக்குப் போடக்கூடாதா?" என்று அவர்கள் முகம் வாடினால் மட்டும் உங்கள் குரல் இறங்கிவிடும். "கூப்பிட்ட வாயால எப்படிட்டி போன்னு சொல்ல?" என்று என்னிடம் வந்து உட்காருவீர்கள்.

கொஞ்ச காலத்தில் விதானம் அடுப்படிச் சுவர்போல ஆகிவிட்டது. தாம்பாளத்தை எப்படித் திருப்பினாலும் அம்பாள் முகம் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் நீங்கள்தான் சொன்னீர்கள். "அம்பாளுக்கு எண்ணெக்காப்பு சாத்தினா அரப்பு தேச்சித்தானட்டி குளிப்பாட்டுதோம்? இதும் அம்பாதான?" எனக்கு அது முழு நியாயமாகப் பட்டது. நம் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். லீவுக்கு ஆட்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் போனோம். நீங்கள் ஏணியில், நான் கீழே வாளியோடு.

"என் மாட்டக் கடைசியில, நிதானமாத் தொடைக்கணும்" என்று நடுவில் அம்பாளிடம் ஆரம்பித்தீர்கள். முதல் தேய்ப்பில் கரி வழிந்து, பச்சை தெரிந்தது. அப்படி ஒரு பச்சையை நாம் பார்த்ததே இல்லை. ஈரத்தில் அன்றைக்கு எழுதியதுபோல் மின்னியது. "ஏட்டி, பாத்தியா! பாத்தியா!" என்று ஏணியில் நின்று குதித்தீர்கள். நான் விழுந்துவிடப் போகிறீர்கள் என்று கத்தினேன். அடுத்த தேய்ப்பில் துணியோடு பச்சை வந்தது. வாளித் தண்ணீரில் பச்சை, பிறகு காவி, பிறகு மஞ்சள். மேலே வெறும் சுண்ணாம்பு.

நீங்கள் துணியை எடுக்கவே இல்லை. போனதை மறுபடி ஒட்டிவிடலாம் என்பதுபோல், இரண்டு கையாலும் அந்தத் துணியை விதானத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் முழங்கை வழியாகத் தண்ணீர் என் தலையில் சொட்டியது. இறங்குங்கள் மதினி, இறங்குங்கள் என்று நான் அழுதேன்.

இறங்கி வந்து, வாளியை வேப்பமரத்தடியில் நீங்களே கொட்டினீர்கள். மேற்கே மேகம் கட்டியிருந்தது. "மழையில போயிட்டுன்னு சொல்லிரு. என்னியக் கொன்னாலும் வேற சொல்லாத" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். அன்று சாயங்காலமே மழை அடித்துப் பெய்தது. ஊர் நம்பியது.

கூரை சரியாக இருந்தால் அம்பாள் போயிருக்க மாட்டாளே என்று எல்லோருக்கும் உறைத்து, வெளியூரில் தொழில் செய்கிற நம் ஊர்க்காரர் ஒருவர் கூரையைப் பூசிக் கொடுத்தார். உள்ளே விளக்குப் போடக் கூடாது என்று போர்டும் வைத்தார்கள். இத்தனை வருஷம் நீங்கள் கேட்டது எல்லாம் அந்தப் பொய்யால் நடந்தது. கூட்டம் போட்டு, "இந்த அம்மா அன்னைக்கே சொன்னாங்க, நாமதான் கேக்கல" என்று உங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சால்வையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். மறுநாள் தாம்பாளத்தை என்னிடம் கொடுத்து, "இனி நீ காட்டு. எனக்குத் தோள் வலிக்கு" என்றீர்கள். குடம் குடமாகத் தண்ணீர் தூக்குகிற தோள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பேச்சுக் குறைந்துவிட்ட பிறகும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பீர்கள். "மாடு இருக்காட்டி?" "இருக்கு மதினி, ஜோரா இருக்கு" என்பேன். கரி மூடிக் கிடக்கிறது என்று சொல்லவில்லை. நீங்கள் போய்க் கொஞ்ச நாள் கழித்து, பழைய சித்திரங்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் மண்டபம் பார்க்க வந்தார். இது காய்ந்த சுண்ணாம்பின் மேல் பசையைக் கலந்து எழுதிய வண்ணம், ஈரத்துணி பட்டாலே கையோடு வந்துவிடும், தெரிந்தவர்கள் வந்து பார்க்கிற வரை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொல்ல ஓர் ஆள் முதலிலேயே வந்திருக்கக் கூடாதா? அத்தனை கார் வந்ததே!

அண்ணாச்சிக்கு வருகிறேன். "தண்ணி பட்டா வண்ணம் போயிரும்னு அந்தப் படம் தெரிஞ்சவரு சொன்னாருல்லா அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்தார். "மழைக்கே மாடு நின்னுருக்கு. இந்தத் தண்ணிக்கா போயிரப் போவுது? அவரு சொன்னா ஆச்சா? போயிரும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை உங்களிடம் அடகு வைத்திருந்தேன். சாவியைக் காணவில்லை என்றேன். ஆணியில் தொங்குவதை அவர் கையை நீட்டிக் காட்டினார். பேச்சி வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "வெயில் ஏறுதுக்கா" என்றாள். உங்கள் பேரா, உங்கள் மாடா என்று ஆகிவிட்டது மதினி.

"எனக்குத் தெரியும். எங்க மதினியும் நானும் இதே அரப்பப் போட்டுத்தான் அம்பாளத் தேச்சோம். மழையில போகல. நாங்க தேச்சிதான் போச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். உங்களை ஒரு வார்த்தை யாராவது சொல்லட்டும், வாளியைப் பிடுங்கி எறிவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணாச்சி குனிந்து பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாங்களும் இப்பம் அதத்தான செய்யப் போனோம்." கொஞ்சம் நின்று, "கரி என் வெளக்குல வந்ததுல்லாக்கா. பாவி மனுசி, இத மனசுல வச்சிக்கிட்டா கெடந்தாவ?" என்று நடையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இவ்வளவுதான் மதினி. இதற்குத்தானா பயந்தீர்கள்? ஊர் காறித் துப்பும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டே செத்தீர்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். உங்கள் காதில் விழும்படி பேச்சி இதைச் சொல்லியிருந்தால், நீங்கள் மறுபடி ஒருதரம் அந்தப் படியில் ஏறியிருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அந்தச் சித்திரம் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேன்கள் குறையவில்லை. போர்டுக்குக் கீழேயே விளக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பேச்சி கடையை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டு, அவளே போய் அந்த விளக்குகளை எடுத்து வெளியே வைக்கிறாள், வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு.

நேற்றுக் காலை ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நடுவுல ஏன் வெறுமையா இருக்கு?" என்று கேட்டாள். இத்தனை நாளும் மழை என்று சொன்ன வாய். "எங்க மதினி அம்பாளக் குளிப்பாட்டினாவ" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ. நான் தாம்பாளத்தை ஓரத்துக்குத் திருப்பினேன். அங்கே முதலில் கரிதான் தெரியும். கொஞ்ச நேரம் கையை ஆட்டாமல் பிடித்திருந்தால் ஒரு கொம்பு, கழுத்து வளைவு, பிறகு வெள்ளையாக ஒரு கண்.

நீங்கள் நிற்கிற படியை விட்டுவிட்டு அடுத்த படியில்தான் நான் நிற்பேன். மாடு அந்தப் படியைத்தான் பார்க்கிறது.

சத்தியத்தை மீறிவிட்டேன். ஏச வேண்டும் என்றால் ஏசிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டீர்களே, அதற்கு அன்று பாதிதான் பதில் சொன்னேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன். கரி புடிச்சித்தான் கெடக்கு. ஆனா இருக்கு மதினி, ஒங்க மாடு இருக்கு.