ஜன்னல் வைத்த சிப்

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
3.6.1991

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயகுமாரி எழுதுவது. மாப்பிள்ளையும் நானும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

அம்பத்தூரில் நான் வேலை பார்த்தேனே, அந்தக் கம்பெனி முதலாளி வரதன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சாயத் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்த நாங்கள் செய்து விற்கும் பெட்டியில் ஓடுகிற புரோகிராம் அவருடையதாம். நான் திருடிக்கொண்டு வந்துவிட்டேனாம். அவரிடம் சேருவதற்கு ஐந்து மாதம் முன்பே, நம் கோவில்பதாகை வீட்டில், உன் மேஜையில் உட்கார்ந்து நான் எழுதியது அது. உனக்குத் தெரியாததா?

கல்யாணமாகிக் கிளம்பும்போது உன்னிடம் ஒரு சிப் கொடுத்தேன். நடுவில் கண்ணாடி ஜன்னல், அதன் மேல் கறுப்பு ஸ்டிக்கர். அந்தப் புரோகிராமும், கடைசியில் என் பெயரும் தேதியும் அதில் பதிந்திருக்கின்றன. என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பழைய மெமரி சிப்புகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவன், உன்னைவிடப் பத்திரமாக யார் வைத்திருப்பார்கள் என்றுதான் கொடுத்தேன். ஜன்னலில் வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும், ஸ்டிக்கரைப் பிரிக்காமல் ரிஜிஸ்டர் தபாலில் உடனே அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
ஜெயகுமாரி

கோவில்பதாகை
17.6.1991

அன்புத் தங்கைக்கு அந்தோணிராஜ் ஆசியுடன் எழுதுவது.

அம்மா நலம். இந்த மாதம் எனக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. 1971-ல் செய்த மெமரி சிப். வெள்ளைப் பீங்கான் உடம்பு, தங்க மூடி, ஒரு கால்கூட வளையவில்லை. பம்பாய் ரகுநாதனை ஒரு வருஷமாகக் கெஞ்சி, என்னிடமிருந்த ஜன்னல் சிப்புகளில் இரண்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். நீ பார்த்தால் அசந்துபோவாய்.

நீ கேட்டது ஏதாவது ஒரு டப்பாவில் இருக்கும், தேடுகிறேன். இதற்குப் போய் ஏன் இவ்வளவு பதற்றம்? வரதன் சார் நல்ல மனிதர். பழைய போர்டுகளைக் காயலான் கடைக்குப் போடாமல் எனக்கென்று எடுத்து வைக்கிறார். மாதா மாதம் போய் வாங்கி வருகிறேன். வேண்டுமானால் நான் பேசிப் பார்க்கட்டுமா?

அன்புடன்,
அந்தோணிராஜ்

கோயம்புத்தூர்
22.6.1991

அண்ணா,

என்னைத் திருடி என்கிறவன் வீட்டு வாசலுக்கு மாதா மாதம் போய் நிற்கிறாயா? அதை எனக்கே எழுதவும் உனக்குக் கை வருகிறதா? அவரிடம் நீ ஒன்றும் பேசிக் கிழிக்க வேண்டாம்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். பம்பாய்க்குப் போன இரண்டு சிப் எவை? பொக்கிஷத்தைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுதினாலும் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன்.

ஜெயகுமாரி

கோவில்பதாகை
5.7.1991

அன்புத் தங்கைக்கு,

இனி மறைத்துப் பயனில்லை. இரண்டில் ஒன்று உன்னுடையது.

ஜன்னல் வழியாக உள்ளே இருக்கும் சில்லு பளிச்சென்று தெரிய வேண்டும், உள்ளே எதுவும் பதிந்திருக்கக் கூடாது என்பான் ரகுநாதன். ஸ்டிக்கரைப் பிரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சிப்பை அழிக்கிற புற ஊதா லாம்புப் பெட்டியில் இருபது நிமிஷம் வைத்தேன். எல்லாம் அழிந்துவிட்டது. போன டிசம்பரிலேயே அனுப்பிவிட்டேன், அவனுடையதுதான் போன மாதம் வந்தது. அப்போது நோட்டீசும் இல்லை, ஒன்றும் இல்லை.

அழிப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பது என் வழக்கம். கடைசியில் உன் பெயர் வந்தது. கோவில்பதாகை, மார்ச் 85 என்றும் இருந்தது. கல்யாணமாகிப் போனவளுக்கு இனி இது எதற்கு என்று நினைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "இன்னாடா மன்சன் நீ? கூடப் பொறந்தவ பேரப் பாத்துகினே அழிச்சியா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நீயாவது மன்னித்துவிடு.

அந்தோணிராஜ்

கோயம்புத்தூர்
12.7.1991

அண்ணா,

கையிலிருந்து தவறி விழுந்து உடைந்தது என்றால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். நீ படித்துவிட்டு அழித்திருக்கிறாய். கல்யாணமானால் எனக்கு மூளையும் போய்விடுமா? இங்கே ராத்திரி பகலாக உட்கார்ந்து பெட்டி செய்வது யார்? உன் மாப்பிள்ளை செபாஸ்டியனா? அவருக்குச் சால்டரிங் வைக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

மன்னிப்பெல்லாம் அப்புறம். வரதன் கேஸ் போட்டுவிட்டார், செப்டம்பர் இருபதாம் தேதி பூந்தமல்லி கோர்ட்டில் விசாரணை. வந்து நீ பார்த்ததைச் சொல். என் பெயரும் தேதியும் அதில் இருந்தன, நான்தான் அழித்தேன் என்று சொல். அது போதும். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற தூரம். நான் கோயம்புத்தூரிலிருந்து வருகிறேன்.

ஜெயகுமாரி

கோவில்பதாகை
2.9.1991

அன்புத் தங்கைக்கு,

கோர்ட்டு, கூண்டு எல்லாம் எனக்குப் பழக்கமில்லை. வரதன் சார் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? அவருடைய கிடங்கில் இன்னும் பத்துப் பெட்டி போர்டு இருக்கிறது, எல்லாம் எழுபதுகளில் வந்தவை. எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சமாதானமாகப் போய்விட்டால் நல்லது. என்னை இதில் இழுக்காதே.

அந்தோணிராஜ்

கோயம்புத்தூர்
24.9.1991

திரு. அந்தோணிராஜ் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை கோர்ட்டு வாசலில் நின்று ஆவடிப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். அப்படி எழுதியிருந்தும், வந்துவிடுவாய் என்று நம்பிய முட்டாள் நான்.

அந்தச் சிப் எங்கே என்று வரதனின் வக்கீல் கேட்டார். என் அண்ணன் அழித்துவிட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை பேர் முன்னால் உன் பெயரைச் சொல்ல வரவில்லை. வீடு மாறும்போது நான்தான் தொலைத்துவிட்டேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கேஸ் முடியும்வரை பெட்டியை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் வரதன், "இன்னாம்மா, ஒரு சாமான பத்தரமா வச்சிக்கத் தெரியல, நீ எங்க புரோகிராம் எய்தின?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சொன்னேன். மனம் வருந்துகிறாயா என்று சாமியார் கேட்டார். ரொம்ப வருந்துகிறேன் சாமி, இனி அவனுக்காகச் சொல்லவே மாட்டேன் என்றேன்.

அடுத்த வாய்தாவில் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். உனக்குச் சம்மன் வரும். அம்மாவுக்கு இனி தனியாக எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் புஷ்பா படித்துக் காட்டட்டும். நீ பிரிக்க வேண்டாம்.

ஜெயகுமாரி செபாஸ்டியன்