குகன் வாங்கிய ஹொக்கிப் புத்தகம்

09.06.2007, சனிக்கிழமை

கோபம் இன்னும் அடங்கவில்லை. பின்னேரம் கனடாவில் இருந்து மனிசியின் தம்பி குகன் போன் எடுத்தான். இந்த மாதம் அங்கத்தைய பெரிய கழகங்கள் இளம் ஐஸ் ஹொக்கிக்காரரைத் தெரிவு செய்யப் போகின்றன. ஆர் திறமானவன் என்று முன்கூட்டியே எழுதி விற்கிற புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டானாம்.

"அத்தான், நீங்களும் ஒண்டு வாங்குங்கோ."

எனக்குப் புத்தகமோ? பதினொரு வருசமாய் இங்க ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் பக்கத்து ஐஸ் மண்டபத்தில் ஐஸைச் சமப்படுத்தும் மெசின் ஓடுறன். பயிற்சியாளர்மாரே என்னட்டைக் கேட்டுத்தான் ஆள் எடுக்கிறவை.

"எங்கட மண்டபத்தில விளையாடுற லூக்காஸைப் பற்றி என்ன கிடக்கு, வாசி பாப்பம்."

"இடப்பக்கம் திரும்பேக்கை வேகம் செத்துப்போகுமாம். நீங்கள் புயல் எண்டெல்லோ சொன்னியள்? ஆரைத் தெரிவு செய்வினம் எண்டு ஊகிக்கிற எங்கட சொந்தக்காரற்ற போட்டிக்கு அவன்ர பேரைத்தான் குடுக்க இருந்தனான். போன முறையும் உங்கட சொல்லைக் கேட்டுக் கடைசியாய் வந்தனான்."

"புத்தகக்காரன் புளுகன். லூக்காஸையே குடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்தப் புத்தகக்காரனை எங்கட மண்டபத்தில் ஒருநாளும் காணவில்லை. எண்டாலும் எழுதினது சரி. பயிற்சி முடிந்து மெசினோடு போனால், இடது மூலையில் லூக்காஸ் தடுமாறின கீறல்கள் ஆழமாய்க் கிடக்கும். அதை மூட எனக்கு இரண்டு சுற்று வேணும். எனக்கு இது தை மாதமே தெரியும், புத்தகத்துக்கு ஒரு சதமும் குடுக்காமல். புயல் என்று புளுகினது நான்தான்.

நாளைக்கு குகன் பேர் குடுக்க முன்னம் போன் எடுத்துச் சொல்லவேணும், லூக்காஸ் வேண்டாம், இது நான் கண்ணால கண்டது எண்டு. தான் வாசிச்சதையே அத்தான் திருப்பிச் சொல்லுறார் எண்டு சிரிப்பான்.